அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு: 9, 11-ஆம் வகுப்புகளில் மாறினால் எவை கைநழுவும்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் சென்னையில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டது, இனியாவது ஒரு தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாமா? எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் வீடுகளிலும் இதே கேள்வி எழுகிறது. ஆங்கிலம், ஒழுக்கம், கட்டணம், வேன் வரும் தூரம் என்று எல்லாம் அலசப்படுகின்றன. ஆனால் 2020 முதல் தமிழ்நாட்டில் வந்த சட்டங்களும் திட்டங்களும் 'எந்த வகைப் பள்ளியில், எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை படித்தார்' என்பதோடு கல்லூரி இடத்தையும் கட்டணத்தையும் கட்டிப்போட்டிருக்கின்றன. அந்தப் பேச்சு மட்டும் பெரும்பாலும் சேர்க்கை முடிந்த பிறகே காதுக்கு வருகிறது. பதின்பருவத்தில் செய்யும் பள்ளி மாற்றத்தைத் திருப்பி எடுக்க முடியாத முடிவாக்குவது இந்த விதிகள்தான். ஆகவே அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எது அரசுப் பள்ளி, எது அல்ல

கட்டணம் வாங்காத பள்ளி எல்லாம் அரசுப் பள்ளி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. விதிகள் பார்ப்பது பள்ளியை நடத்துவது யார் என்பதை.

1. அரசுப் பள்ளி: பள்ளிக்கல்வித் துறை நடத்தும் பள்ளிகள் மட்டுமல்லாமல் மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலத்துறை, பழங்குடியினர் நலத்துறை போன்றவை நடத்தும் பள்ளிகளும் இதில் அடங்கும். பெயர்ப்பலகையில் 'சென்னை மேல்நிலைப் பள்ளி', 'சென்னை உயர்நிலைப் பள்ளி' என்று இருப்பவை மாநகராட்சிப் பள்ளிகள். அவையும் அரசுப் பள்ளிகளே.

2. அரசு உதவிபெறும் பள்ளி: நடத்துவது அறக்கட்டளையோ திருச்சபையோ சங்கமோ, ஆசிரியர் சம்பளம் அரசு கொடுப்பது. ராயபுரம், சாந்தோம், திருவல்லிக்கேணிப் பக்கங்களில் நூறாண்டு கடந்த உதவிபெறும் பள்ளிகள் இருக்கின்றன. தரத்தில் பெயர் பெற்றவை, கட்டணமும் குறைவு. ஆனால் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும், கீழே சொல்லப்போகும் சட்டத்தின் கண்ணில் இவை அரசுப் பள்ளிகள் அல்ல.

3. மெட்ரிக் பள்ளி: சுயநிதியில் நடக்கும் தனியார் பள்ளி. 2010-இல் வந்த சமச்சீர் கல்விச் சட்டத்தை எல்லா வகுப்புகளிலும் நடைமுறைப்படுத்தச் சொல்லி 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், மெட்ரிக்குக்குத் தனிப் பாடத்திட்டம் இல்லை. அரசுப் பள்ளியில் உள்ள அதே பாடம், அதே பொதுத்தேர்வு.

4. சி.பி.எஸ்.இ. பள்ளி: பாடத்திட்டம், தேர்வு, சேர்க்கை விதி மூன்றுமே வேறு.

மூன்றாவதைக் கவனிக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவில் படிக்கும் மாணவர் மெட்ரிக் பள்ளிக்கு மாறினால் புத்தகம்கூட மாறாது. மாறுவது ஆசிரியர், வகுப்புச் சூழல், தேர்வுப் பயிற்சி, கட்டணம் ஆகியவை. அவற்றுக்காக மாறுவது தவறே இல்லை. ஆனால் 'பாடத்திட்டம் உயர்ந்தது' என்று யாராவது சொன்னால் அது மெட்ரிக் பள்ளிக்குப் பொருந்தாது.

பள்ளி வகை வேறு, பயிற்றுமொழி வேறு

குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது. அரசு தரும் முன்னுரிமைகள் இரண்டு தனித்தனி அளவுகோல்களில் அமைந்தவை. ஒன்று, படித்தது அரசுப் பள்ளியா. மற்றொன்று, படித்தது தமிழ்வழியா. சென்னை அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலவழிப் பிரிவுகள் இருப்பதால் இவை ஒன்றோடொன்று ஒட்டிவராது.

அரசுப் பள்ளிக்குள்ளேயே தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கு மாறும் மாணவருக்கு 7.5 விழுக்காடு அப்படியே இருக்கும். ஆனால் தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசு வேலைகளில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 20 விழுக்காடு முன்னுரிமை போய்விடும். இதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்த சான்றுகளை அரசுப் பணியாளர் தேர்வாணையம் கேட்கிறது. உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி வகுப்புக்கு மாறுபவருக்கு நிலைமை தலைகீழ்: 20 விழுக்காடு இருக்கும், 7.5 போகும். மெட்ரிக் ஆங்கிலவழிக்கு மாறும் தமிழ்வழி மாணவருக்கு இரண்டும் போகும்.

அரசு வேலைக்கான குரூப் தேர்வு எழுதும் எண்ணம் பதினான்கு வயதில் யாருக்கும் இருக்காது. இருபத்திரண்டு வயதில் அந்தச் சான்றிதழைத் தேடும்போதுதான் ஒன்பதாம் வகுப்பில் எடுத்த முடிவின் கனம் தெரியும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற நிபந்தனை

இந்த ஒரு நிபந்தனையைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தெளிவாகும்.

நீட் வந்த பிறகு அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை உண்டானது. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கலையரசன் தலைமையிலான குழு அதை ஆராய்ந்து பரிந்துரைக்க, 2020-இல் சட்டம் இயற்றப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஹோமியோபதி ஆகியவற்றில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 விழுக்காடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து 400-க்கும் மேற்பட்ட இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்று கூறியது. நீதிபதி டி. முருகேசன் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே 7.5 விழுக்காடு விரிந்தது.

இது செயல்படும் விதம்:

1. இந்த இடங்கள் தனி வரிசையில் நிரப்பப்படும். அரசுப் பள்ளி மாணவர் அரசுப் பள்ளி மாணவரோடு மட்டும் போட்டியிடுகிறார். அந்த இடங்களுக்குள்ளும் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டு முறைப்படியே பங்கீடு நடக்கும்.

2. தனி வரிசை என்பதால் இடம் கிடைக்கத் தேவைப்படும் மதிப்பெண் பொதுவரிசையைவிடக் குறைவாக இருக்கும். பொதுவரிசையிலும் அவர் போட்டியிடலாம். அந்தக் கதவு மூடப்படுவதில்லை.

3. இடம் கிடைத்தவருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசு ஏற்கிறது. சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் அப்படியே.

4. தகுதி: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் தலைமையாசிரியர் தரும் படிப்புச் சான்று வேண்டும்.

நான்காவது புள்ளியில்தான் பதின்பருவ மாற்றம் முட்டிக்கொள்கிறது. ஆறு ஆண்டு அரசுப் பள்ளியில் படித்து ஓராண்டு மட்டும் வெளியே படித்தவருக்கு ஏழில் ஆறு பங்கு உரிமை என்றெல்லாம் கணக்குக் கிடையாது. முழுவதும் உண்டு, அல்லது எதுவும் இல்லை. வியாசர்பாடியில் மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்து பத்து வரை படித்த ஒரு மாணவி, பதினொன்றுக்கு மெட்ரிக் பள்ளிக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு சேர்த்துவைத்த தகுதி கடைசி இரண்டாண்டில் கரைந்துவிடும். அதே மாணவி ஆறாம் வகுப்பிலேயே தனியாருக்குப் போயிருந்தால் இழப்பதற்கு எதுவும் இருந்திருக்காது. அதனால் பதினொன்றில் மாறுவதே எல்லா மாற்றங்களிலும் விலை அதிகமானது என்பது என் கருத்து. வேதனை என்னவென்றால், மிக அதிகம் பேர் மாறுவதும் அப்போதுதான், அதுவும் 'டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும்' என்ற ஆசையோடு.

ஒரு விதிவிலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 விழுக்காட்டுக்குத் தகுதி பெறும். அந்த இலவச இடம் எட்டாம் வகுப்போடு முடிவதால் சட்டம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டணம் கட்டச் சொல்லித் தனியார் பள்ளி கேட்கும்போது, கடன் வாங்கி அங்கேயே தொடர்வதற்கு முன் இந்த வழியைப் பெற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டும். எட்டு முடித்த ஒரு பிள்ளை புதிதாக ஒன்பதில் இந்த 25 விழுக்காட்டின் கீழ் தனியார் பள்ளிக்குள் நுழைய முடியாது. அது எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு என்ற நுழைவு வகுப்பில் மட்டும் தரப்படும் இடம்.

உதவித்தொகைகளும் பள்ளியோடு கட்டப்பட்டவை

மருத்துவமோ பொறியியலோ வேண்டாம், பி.காம். போதும் என்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

1. புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குக் கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். மூன்றாண்டுப் பட்டப்படிப்பென்றால் 36,000 ரூபாய். பின்னர் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

2. தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. மாணவர்களுக்கு அதே தொகை. அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழியும் இதில் அடங்கும்.

3. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. அரசு, உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளிகளுக்கானது இது. தனியார் பள்ளிக்கு மாறினால் நின்றுவிடும்.

எந்த வகுப்பில் மாறலாம்

எட்டு முடித்து ஒன்பதில் மாறுவது பாடத்தின் பக்கமிருந்து பார்த்தால் எளிது. பொதுத்தேர்வுக்கு இரண்டாண்டு இருக்கிறது. ஆனால் பல தனியார் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு வைக்கின்றன. கல்வி உரிமைச் சட்டம் தேர்வு வைக்கக் கூடாது என்று சொல்வது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான்.

ஒன்பது முடித்துப் பத்தில் மாறுவதைத் தவிர்க்க வேண்டும். சி.பி.எஸ்.இ. விதிப்படி பத்து, பன்னிரண்டு வகுப்புகளில் நேரடியாகச் சேருவதற்குப் பெற்றோரின் பணி மாறுதல் போன்ற காரணம் வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் மாற இடமிருந்தாலும், புதிய இடத்துக்குப் பழகுவதற்குள் திருப்புதல் தேர்வு வந்து நிற்கும்.

பத்து முடித்துப் பதினொன்றில் மாறுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. முதலாவது, படித்தது உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தோடு முடிந்துவிடுகிறது; எப்படியும் வேறு பள்ளி தேட வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் அறியாமல் வழி தவறுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி இருக்கும். கட்டணம் குறைவு, பெண்கள் பள்ளி, பாதுகாப்பு என்று சேர்த்துவிடுவார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த அந்த ஒரு சேர்க்கையில் 7.5 விழுக்காடு போய்விடும். அங்கே ஆங்கிலவழி என்றால் புதுமைப்பெண் தொகையும் போகும். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் பத்தாம் வகுப்பு மாணவர்களைப் பிரியாவிடை சொல்லி அனுப்பும் நாளிலேயே அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகளையும் அவற்றில் உள்ள குரூப்புகளையும் (பாடப்பிரிவுகளையும்) எழுதிக் கொடுத்தனுப்பினால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவும்.

இரண்டாவது, விரும்பிய குரூப் பக்கத்து அரசுப் பள்ளியில் இல்லாமல் போகலாம், அல்லது அந்தப் பாடத்துக்கு முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கலாம். இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில் இருந்துகொண்டு 7.5 விழுக்காட்டை மட்டும் நம்புவதில் பொருளில்லை. ஆனால் அதற்கு முதல் மருந்து வேறொரு அரசுப் பள்ளி. சென்னையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே பேருந்தில் போய்வரும் தூரம்தான். அரசு மாதிரிப் பள்ளிகளும் இருக்கின்றன.

மதிப்பெண் கூடினால் ஈடாகுமா

'தனியாரில் பயிற்சி நன்றாக இருக்கும், பொதுவரிசையிலேயே இடம் வாங்கிவிடலாம்' என்பது எதிர்வாதம். சில பிள்ளைகளுக்கு இது உண்மை. கேட்க வேண்டியது இதுதான்: புதிய பள்ளியால் மதிப்பெண் எவ்வளவு உயரும், இரண்டு வரிசைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை அது தாண்டுமா? விரும்பும் கல்லூரி, விரும்பும் பிரிவு, தங்கள் சாதிப் பிரிவு ஆகியவற்றுக்கு முந்தைய ஆண்டு 7.5 வரிசையில் எந்த மதிப்பெண்ணில் இடம் முடிந்தது, பொதுவரிசையில் எதில் முடிந்தது என்று கலந்தாய்வுப் பட்டியல்களை வைத்து ஒப்பிடலாம். தாண்டினாலும் இன்னொன்று மிச்சம்: பொதுவரிசையில் போகிறவர் கட்டணத்தைத் தாமே கட்ட வேண்டும். பள்ளிக் கட்டணம் இரண்டாண்டு, கல்லூரிக் கட்டணம் பொறியியல் என்றால் நான்காண்டு. இரண்டையும் கூட்டி வைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புக்கு இப்போது பொதுத்தேர்வு இல்லை. 2017-18 முதல் நடந்துவந்த தேர்வு, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி நிறுத்தப்பட்டது. அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததற்குக் காரணமே, பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமல் நேரே பன்னிரண்டுக்குத் தாவியதுதான். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பாதிக் கேள்விகளுக்கு அடித்தளம் பதினொன்றில் இருக்கிறது. எனவே சேர்க்கும் பள்ளியில் 'பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை முழு ஆண்டும் நடத்துவீர்களா' என்று கேட்க வேண்டும். தலைமையாசிரியரைக் கேட்பதைவிட இப்போது அங்கே பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகளைக் கேட்பது நல்லது.

வகுப்பறைக்குள் பிள்ளைக்கு நடப்பது

தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கு மாறுபவருக்கு முதல் காலாண்டு கடினமானது. உந்தம், இணைதிறன், ஒளிச்சேர்க்கை என்று கருத்தோடு பிடித்துவைத்திருந்ததெல்லாம் மொமென்டம், வேலன்சி, போட்டோசிந்தசிஸ் என்று வரும்போது, தெரிந்த பாடமே தெரியாததுபோல் ஆகிவிடும். மாநிலப் பாடநூல் இரு மொழியிலும் ஒரே வரிசையில் இருப்பதால் இதற்கு எளிய வழி உண்டு: சேர்க்கை முடிவானதுமே முந்தைய வகுப்பின் அறிவியல், கணக்குப் புத்தகங்களின் ஆங்கிலப் பதிப்பை எடுத்து, தமிழ்ப் பதிப்போடு பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படிப்பது. கோடை விடுமுறை இதற்குப் போதும். சி.பி.எஸ்.இ.-க்குப் போகிறவருக்கு இந்த வசதி இல்லை, பாடவரிசையே வேறு.

காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிவது எதிர்பார்க்க வேண்டியது. 'இவ்வளவு பணம் கட்டியும் இப்படியா' என்று வீட்டில் ஒரு சொல் வந்துவிட்டால், பிள்ளை தனக்குப் புரியாததை ஆசிரியரிடமும் சொல்லாது, வீட்டிலும் சொல்லாது. எல்.கே.ஜி. முதல் ஒன்றாகப் படித்தவர்கள் நிறைந்த வகுப்பில் தனியாக உட்காருவதும், மதிய உணவு வேளையில் யாரோடு சேருவது என்று தெரியாமல் நிற்பதும் பதினைந்து வயதில் சின்ன விஷயங்கள் அல்ல. படிப்பு அங்கேதான் முதலில் தடுமாறும். பழைய பள்ளி நண்பர்களோடு தொடர்பை வெட்டிவிடச் சொல்லும் பெற்றோர் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

கட்டணமும் காகிதங்களும்

மாநிலப் பாடத்திட்டத் தனியார் பள்ளிகளின் கட்டணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. பள்ளிவாரியாக, வகுப்புவாரியாக ஆணை இருக்கும். கேட்க வேண்டியவை மூன்று: அந்த ஆணையின் நகல், வேன், சீருடை, சிறப்பு வகுப்பு, நீட் பயிற்சி என்று அதற்கு வெளியே வாங்கும் தொகை எவ்வளவு, கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. டொனேஷன் என்று ரசீதில்லாமல் கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது.

மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வாங்கும்போது பழைய பள்ளி, பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் மாணவரின் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்கும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஆகவே எந்த ஆண்டு எந்தப் பள்ளி என்பது இணையத்திலேயே பதிவாகிவிடுகிறது, பிற்பாடு சரிபார்க்கப்படுவதும் அதுவே. பழைய பள்ளியை விட்டு வரும் நாளிலேயே ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான சான்றையும், தமிழ்வழி என்றால் அதற்கான சான்றையும் கையோடு வாங்கிவிட வேண்டும்.

சேர்ந்த பின் ஒத்துவராமல் அரசுப் பள்ளிக்கே திரும்ப நினைத்தால், கட்டணப் பாக்கியைக் காட்டி டி.சி. தர மறுப்பது அடிக்கடி நடக்கும் தகராறு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், சேர்க்கைக்கு டி.சி. கட்டாயம் என்று பள்ளிகள் வலியுறுத்தக் கூடாது, கட்டணப் பாக்கியை டி.சி.-யில் குறிக்கக் கூடாது என்று கூறி, அதற்கேற்ப விதிகளைத் திருத்த அரசுக்கு உத்தரவிட்டது. தகராறு வந்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். அரசுப் பள்ளி பிள்ளையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். ஆறு முதல் பன்னிரண்டு என்ற தொடர்ச்சியில் விழுந்த இடைவெளியை மட்டும் அந்தச் சேர்க்கை நிரப்பாது.